புளிப்பு வேறு, ஊசல் வேறு

(கறிக்கோழித் தீவனம் குறித்து வானொலியில் நிகழ்த்திய உரை)

உழவர் பெருமக்களே! கோழி வளர்க்கும் தாய்மார்களே!

கறிக்காகக் கோழி வளர்ப்பவர்கள் தீவனத்தைத் தண்ணீரில் நனைத்துப் புளிக்கவைத்துக் கொடுப்பதைப் பற்றி இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன். "மனுஷனுக்குத்தான் இட்லி, தோசை. கோழிக்குமா மாவு புளிக்கவைக்கணும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

கறிக்கோழி வளர்ப்பில் 100 ரூபாய் செலவானால், அதில் 65 முதல் 70 ரூபாய் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. குஞ்சு வாங்கும் செலவு, மருந்து, மின்சாரம், கொட்டகை எல்லாம் மீதி 30, 35 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆகவே, கோழி தின்கிற ஒவ்வொரு பிடித் தீவனமும் உடம்பில் ஒட்ட வேண்டும். சிந்தக் கூடாது, செரிக்காமல் எச்சத்தில் போகக் கூடாது, நோயாகவும் மாறக் கூடாது. புளிக்கவைத்த தீவனம் இந்த மூன்றுக்கும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் தவறாகச் செய்தால் ஐந்து மாதம் வளர்த்த கோழியை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விடும். அதனால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

யாருக்கு இது பொருந்தும்?

வீட்டோரத்திலோ தோட்டத்திலோ 50, 100, 200 என்று நாட்டுக்கோழி வளர்த்து, ஆடிக்கும் தீபாவளிக்கும் விற்பவர்களுக்கு இது பொருந்தும். கிரிராஜா, வனராஜா, நந்தனம் கோழி போன்ற மேம்படுத்திய இனங்களை வளர்ப்பவர்களும் செய்யலாம்.

கம்பெனியிடம் குஞ்சும் தீவனமும் வாங்கி, ஆயிரக்கணக்கில் பிராய்லர் வளர்த்துக் கொடுப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். தீவனம் அவர்களுடையது, அவர்களைக் கேட்காமல் அதை மாற்றக் கூடாது. தவிர, தொங்கவிட்ட தீவனக் கூண்டுகளில் ஈரத் தீவனம் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். அத்தனை கோழிகளுக்கு தினமும் தொட்டி கழுவவும் ஆள் கிடைக்காது.

பக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது?

இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் தினம் செய்கிற காரியம்தான். சாயங்காலம் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

தானியத்தின் மேலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள். பாலைத் தயிராக்குவதும் இவைதான். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து, காற்று அதிகம் புகாமல் இருந்தால் இவை வேகமாகப் பெருகி, தானியத்தில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். புளிப்பு ஏற ஏற, கழிச்சல் உண்டாக்கும் கிருமிகள் பலவும் அங்கே பிழைக்க முடியாமல் போகும். அதாவது, நல்ல கூட்டம் முதலில் இடம் பிடித்துவிட்டால் கெட்ட கூட்டத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஊசிப்போன சோற்றில் நடப்பது வேறு. அங்கே கெட்ட கூட்டம் முந்திக்கொள்கிறது. புளித்த மாவையும் ஊசிப்போன சோற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலே நீங்கள் வித்தியாசம் சொல்லிவிடுவீர்கள். புளிப்பு வேறு, ஊசல் வேறு. இன்றைய பேச்சில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்.

இதனால் என்ன லாபம்?

முதலாவது, குடல் நலம். புளித்த தீவனம் கோழியின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் போய்ச் சேரும்போதே அமிலத்தோடு சேர்கிறது. நோய்க்கிருமிக்கு வாசலிலேயே ஒரு தடை. நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளில், புளித்த தீவனம் தின்ற கறிக்கோழிகளை சால்மோனெல்லா கிருமி அவ்வளவு எளிதில் பற்றவில்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, செரிமானம். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸ் சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரு பூட்டுக்குள் இருக்கிறது. பைட்டிக் அமிலம் என்று அதற்குப் பெயர். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. ஊறிப் புளிக்கும்போது அந்தப் பூட்டு ஓரளவு தளரும்.

மூன்றாவது, சேதாரம் குறைவு. உலர்ந்த மாவுத் தீவனத்தைக் கோழி கிளறும், சிந்தும், காற்றில் பறக்கவிடும். ஈரத் தீவனத்தில் பொடி பறக்காது. பொறுக்கி எடுத்துத் தின்று மீதியை ஒதுக்கவும் முடியாது.

"கோழி எடை கூடுமா?" என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். சில சோதனைகளில் கூடியிருக்கிறது, சிலவற்றில் கூடவில்லை. சிலவற்றில் இளங்குஞ்சுகள் ஈரத் தீவனத்தைக் குறைவாகத் தின்று வளர்ச்சியில் பின்தங்கியும் இருக்கின்றன. ஆகவே, இரண்டு மடங்கு எடை என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கோழி சீக்கிரம் வளரட்டும் என்று நோயில்லாதபோதே தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியிருந்தது. அப்படித் தினமும் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். ஐரோப்பிய நாடுகள் இந்த வழக்கத்தை 2006 ஜனவரி முதல் நிறுத்திவிட்டன. நம் நாட்டில், மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. மருந்தைக் குறைக்க வேண்டுமானால் குடலைத் தெம்பாக வைத்திருக்க வேண்டும். அதற்குப் புளித்த தீவனமும் ஒரு வழி.

கலவை எப்படி இருக்க வேண்டும்?

8 வாரம் தாண்டிய நாட்டுக்கோழிக்கு 100 கிலோ தீவனம் தயாரிக்க ஒரு கணக்கு சொல்கிறேன். பென்சிலும் பேப்பரும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம் 40 கிலோ. கம்பு 15 கிலோ. அரிசிக் குருணை 8 கிலோ. எண்ணெய் எடுத்த தவிடு 10 கிலோ. சோயாப் புண்ணாக்கு 17 கிலோ. இந்த ஐந்தும் சேர்த்து 90 கிலோ. இவைதான் ஊறப்போகிற சரக்கு.

உப்பில்லாத கருவாட்டுத் தூள் 7 கிலோ. தாது உப்புக் கலவை இரண்டரை கிலோ. சாப்பாட்டு உப்பு அரை கிலோ. இந்த மூன்றும் சேர்த்து 10 கிலோ. இவற்றை ஊறப்போடக் கூடாது. தனி டப்பாவில் உலர்வாக வைத்திருந்து, கோழிக்குப் போடும் நேரத்தில் கலக்க வேண்டும்.

ஏன் தனியாக? தாது உப்புக் கலவையில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும். அதைச் சேர்த்து ஊறப்போட்டால் மாவு சரியாகப் புளிக்காது. கருவாட்டுத் தூள் ஈரத்தில் ஒரு நாள் கிடந்தால் நாற்றமெடுக்கும். விட்டமின் கலவை வாங்கியிருந்தால் அதையும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி, போடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

இந்தக் கலவையில் சுமார் 18 சதவீதம் புரதம் கிடைக்கும். வளரும் நாட்டுக்கோழிக்கு இது போதும், பிராய்லருக்குப் போதாது. கருவாடு உப்புப் போட்டுக் காயவைத்ததாக இருந்தால் சாப்பாட்டு உப்பு சேர்க்கவே வேண்டாம். கருவாடு கரிப்பாக இருந்தால் அதன் அளவையும் குறையுங்கள். உப்பு மிஞ்சினால் கோழி செத்துப்போகும்.

புளிக்கவைக்கும் முறை

50 கோழிகள் என்று வைத்துக்கொள்வோம். 8 முதல் 10 வார வயதில் ஒரு கோழி நாளொன்றுக்கு உலர் எடையில் சுமார் 50 கிராம் தின்னும். 50 கோழிக்கு இரண்டரை கிலோ. இதில் இரண்டே கால் கிலோ ஊறும் சரக்கு, கால் கிலோ உலர் சரக்கு.

தானியத்தை ரவை பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். நைசாக அரைத்தால் களிபோல் ஆகி அலகில் ஒட்டும். 10 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் அல்லது மண்பானை எடுத்துக்கொள்ளுங்கள். தகரம், அலுமினியம், பித்தளை, செம்பு வேண்டாம். புளியை வைத்தால் பித்தளைப் பாத்திரம் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். தீவனத்தின் அமிலமும் உலோகத்தை அரித்துவிடும்.

இரண்டே கால் கிலோ சரக்குக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தால் முதல் நாள் இரவே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள். குளோரின் கிருமியைக் கொல்லப் போடுவது. நமக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிரையும் அது விடாது.

முதல் தடவை உறை ஊற்ற வேண்டும். நன்றாகப் புளித்த மோர் அரை டம்ளர் போதும். உப்பு, பெருங்காயம், பச்சைமிளகாய் போட்டுத் தாளித்த மோர் வேண்டாம், வெறும் மோர். நன்றாகக் கிளறி, பக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கும்படி விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, மேலே தட்டு மூடி நிழலில் வையுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை கிளறி அமுக்கிவிடுங்கள். தீவனம் தண்ணீருக்குள் அமுங்கியே இருக்க வேண்டும். மேலே வறண்டு நிற்கும் இடத்தில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். ஏனென்றால் பூசணத்துக்குக் காற்று வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாளிலேயே புளித்துவிடும். மார்கழி, தைக் குளிரில் ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். குளிர்காலத்தில் மூன்று பக்கெட் வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக ஊறப்போட்டால் வரிசை தவறாது. கோடையில் இரண்டு பக்கெட் போதும்.

அடுத்த தடவை மோர் தேவையில்லை. புளித்த தீவனத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துப் புதுச் சரக்கில் கலந்துவிடுங்கள். ஆனால் அதே உறையை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். 10, 15 தடவைக்கு ஒரு முறை பக்கெட்டை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, புது மோரில் ஆரம்பியுங்கள். வாடை மாறினால் அன்றே ஆரம்பியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஊறப்போட்ட முதல் சில மணி நேரத்தில் புளிப்பு இன்னும் ஏறியிருக்காது. அந்த நேரத்தில் கெட்ட கிருமியும் சேர்ந்தே பெருகும். புளிப்பு ஏறிய பிறகுதான் அவை அடங்கும். ஆகவே, பாதி புளித்த தீவனம் உலர்ந்த தீவனத்தைவிட மோசம். "காலையில் ஊறவைத்தேன், சாயங்காலம் போட்டுட்டேன்" என்ற அவசரம் கூடாது.

புளித்ததா, ஊசியதா?

இதைப் பார்க்கக் கண்ணும் மூக்கும் போதும். நன்றாகப் புளித்த தீவனத்தில் மோர் வாடை அல்லது இட்லி மாவு வாடை வரும். கிளறினால் சிறு குமிழிகள் தெரியும். நிறம் அவ்வளவாக மாறாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.எச். காகிதம் என்று கிடைக்கும். அதை நனைத்துப் பார்த்தால் அளவு நாலரையோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும்.

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்து, வாடை நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஈஸ்ட், வழித்து எறிந்துவிட்டுக் கிளறிக்கொள்ளலாம். பஞ்சு போலவோ முடி போலவோ பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் எழும்பியிருந்தால் அது பூசணம். அழுகல் நாற்றம், முட்டை நாற்றம் வந்தாலோ, தொட்டால் கொழகொழவென்று நூல் இழுத்தாலோ அது ஊசல். மேலே உள்ளதை மட்டும் வழித்துவிட்டு அடியில் உள்ளதைப் போடக் கூடாது. பக்கெட்டோடு கொட்டிக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். "கோழிக்கு ஆகாட்டி மாட்டுக்குப் போடலாமே" என்று நினைக்காதீர்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது விஷம்தான்.

கெட்ட தானியத்தைப் புளிப்பு காப்பாற்றாது

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, கதிரிலேயே கறுத்துப்போன மக்காச்சோளம் மலிவாக வரும். மூட்டையில் ஈரம் கோத்துக் கட்டி விழுந்த கடலைப் புண்ணாக்கும் மலிவாக வரும். "புளிக்கவைத்தால் எல்லாக் கிருமியும் செத்துடும்னு சொன்னீங்களே, இதையும் ஊறப்போட்டா சரியாப் போயிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். சரியாகாது. கண்டிப்பாகச் சொல்கிறேன், சரியாகாது.

காரணம் என்னவென்றால், பூசணம் வேறு, அது கக்கிய விஷம் வேறு. பாம்பை அடித்துவிட்டாலும் கடித்த இடத்தில் ஏறிய விஷம் இறங்கிவிடாது அல்லவா? அது போலத்தான். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் ஒரு வகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சைக் கக்குகிறது. பூசணம் செத்த பிறகும் நச்சு அங்கேயே இருக்கும். கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. புளிக்கவைத்தால் போய்விடும் என்று நம்பவும் முடியாது. புளித்த வாடையில் பூசண வாடை மறைந்துபோவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இந்த நச்சை உலகம் கண்டுகொண்டதே கோழி இனத்தின் சாவிலிருந்துதான். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று புரியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் பிடித்திருந்த பூசணத்தின் விஷம் வான்கோழிகளின் ஈரலைத் தின்றுவிட்டது.

நம் கோழிகளுக்கும் அதேதான் நடக்கும். நச்சு அதிகமானால் சாவு. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கோழி தீனி எடுக்காது, எடை ஏறாது, தடுப்பூசி போட்டாலும் உடம்பில் பிடிக்காது. அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்து மஞ்சளாக, வீங்கி இருக்கும். "தீனி எல்லாம் போட்டேன், ஏன் தேறலைன்னு தெரியலை" என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் மூட்டையைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆகவே, மக்காச்சோளத்தை ஈரம் 12 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து மூட்டை கட்டுங்கள். ஈரம் பார்க்கும் கருவி இல்லாவிட்டால் கடித்துப் பாருங்கள். "டக்"கென்று உடைய வேண்டும், பல்லில் அமுங்கக் கூடாது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். புண்ணாக்கை ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் பிடி பிடியாக எடுத்துக் கலந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இயங்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பி நச்சுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மலிவு மூட்டையில் மிச்சம் பிடித்த காசு, செத்த கோழிகளில் பல மடங்காகப் போய்விடும்.

கொடுக்கும் முறை

குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் கடைக் குஞ்சுத் தீவனம், அதுவும் உலர்வாகவே கொடுங்கள். ஈரத் தீவனம் காலிலும் இறகிலும் ஒட்டினால் இளங்குஞ்சு குளிரில் ஒடுங்கிவிடும். மூன்றாவது வாரம் முதல் அதே குஞ்சுத் தீவனத்தில் ஒரு வேளைக்கு உரியதை மட்டும் புளிக்கவைத்துப் பழக்கலாம். அந்தத் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்திருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். 8 வாரத்துக்குப் பிறகு நான் சொன்ன கலவைக்கு வரலாம். அதையும் ஒரே நாளில் மாற்றாமல், கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

போடும் நேரத்தில் உலர் சரக்கைக் கலந்து பிசைந்துகொள்ளுங்கள். பதம் கொழுக்கட்டை மாவு போல இருக்க வேண்டும். பிடித்தால் நிற்கணும், விட்டால் உதிரணும். இளகியிருந்தால் ஒரு கை உலர்ந்த தவிடு தூவலாம். காலை 7 மணிக்கு ஒரு தடவை, மாலை 4 மணிக்கு மேல் ஒரு தடவை, வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்துப் போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும். மீதியை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மதிய வெயிலில் கிடக்கும் ஈரத் தீவனம் ஈயையும் கூட்டும், ஊசலையும் கூட்டும்.

தீவனத்திலேயே தண்ணீர் இருக்கிறதே என்று குடிதண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தரையில் பரப்பிய உமியையும் கவனியுங்கள். ஈரத் தீவனம் சிந்திச் சிந்தி உமி நனைந்தால் ரத்தக் கழிச்சல் வரும். ஒரு பிடி உமியை அள்ளி அமுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அந்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போட்டுக் கிளறிவிடுங்கள்.

தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்

"புளிச்ச தீனி கொடுக்கிறேன், இனி ஊசி எதுக்கு?" என்ற பேச்சும் சில ஊர்களில் கிளம்பியிருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்கிற ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. அதற்கு எந்தத் தீவனமும் மருந்தாகாது. குஞ்சுக்கு 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தையும், 8-ஆம் வாரத்தில் போடும் ஊசியையும் தவறவிடாதீர்கள். இடையில் போட வேண்டியவற்றை உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வார். ஈரத் தீவனம் தின்னும் கோழி தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். அதனால் குடிதண்ணீரில் மருந்து கலந்து கொடுப்பதைவிடக் கண்ணில் சொட்டு விடுவதுதான் நம்பகமானது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

என் பேச்சை நம்பி எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரே வயதில், ஒரே இனத்தில் 40 கோழி எடுத்து, நடுவில் வலை கட்டி 20, 20 ஆகப் பிரியுங்கள். ஒரு பக்கம் அதே கலவையை உலர்வாகவும், மறுபக்கம் புளிக்கவைத்தும் கொடுங்கள். இரண்டு பக்கமும் எத்தனை கிலோ போட்டீர்கள் என்பதை உலர் எடையில் எழுதுங்கள். இது முக்கியம். தண்ணீர் சேர்ந்த எடையை எழுதினால் கணக்கு தலைகீழாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், காலையில் தீனி போடுவதற்கு முன், எல்லாக் கோழிகளையும் எடை போடுங்கள்.

எட்டு வாரம் கழித்து, தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுங்கள். எடுத்துக்காட்டாக, 20 கோழி 60 கிலோ தின்று மொத்தம் 15 கிலோ எடை ஏறியிருந்தால், ஒரு கிலோ எடைக்கு 4 கிலோ தீவனம். மறுபக்கம் 57 கிலோ தின்று அதே 15 கிலோ ஏறியிருந்தால், ஒரு கிலோவுக்கு 3 கிலோ 800 கிராம். இந்த 200 கிராம் வித்தியாசம் 100 கோழிக்கு என்ன ஆகும் என்று உங்கள் ஊர்த் தீவன விலையில் பெருக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் எத்தனை கோழி செத்தது என்பதையும் குறித்து வையுங்கள். கணக்கு சாதகமாக வந்தால் தொடருங்கள். வராவிட்டால், ஊறவைக்கும் வேலையும் கழுவும் வேலையும் எதற்கு? உலர்ந்த தீவனத்தையே கொடுங்கள், நட்டமில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! இதற்கு வேண்டிய பக்குவம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மாவு எப்போது புளிக்கும், எப்போது மிஞ்சும், எப்போது கெடும் என்பதை எந்தப் பட்டப்படிப்பும் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அந்த மூக்கையும் கையையும் கோழித் தீவன பக்கெட்டிலும் பயன்படுத்துங்கள். நல்ல தானியத்தைப் புளிக்கவையுங்கள். கெட்ட தானியத்தைக் குழியில் போடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எந்த மாவை ஊற்ற மாட்டீர்களோ, அந்த நிலையில் இருக்கும் தீவனத்தைக் கோழிக்கும் போடாதீர்கள்.

மேலும் விவரம் வேண்டுமானால் பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தையோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள்.